நெல்லுக்கு நாள் குறித்தது யார்?

சென்ற தை மாதத்தில் ஒரு தோழரின் வீட்டுக் கலியாணத்திற்காக மன்னார்குடிக்குப் போயிருந்தோம். நாள் நட்சத்திரம் பார்க்காமல், வருகிறவர்களுக்கெல்லாம் ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொண்ட கலியாணம் அது. சாப்பாடு முடிந்து தஞ்சாவூர்ப் பாதையில் சிறிது தூரம் நடந்து போகையில், பாதை ஓரத்து வயல் ஒன்றில் ஒரு வேடிக்கையைக் கண்டோம். வயல் முழுவதும் சம்பா நெல் பழுத்துத் தலை சாய்ந்து அறுப்புக்குக் காத்திருந்தது. ஆனால் பாதையை ஒட்டின மூலையில் மட்டும், ஒரு சிறு களம் அளவுக்குப் பயிர் பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது. சிலவற்றில் அப்பொழுதுதான் கதிர் தலை காட்டியிருந்தது. பல இன்னும் தொண்டைக் கதிராகவே இருந்தன. அந்த மூலைக்கு நேர் மேலே தெரு விளக்கு ஒன்று இருந்தது.

வயலுக்கு உரியவர் அங்கேயே நின்றார். என்ன சங்கதி என்று கேட்டோம். "கண் பட்டுப் போச்சுங்க. ஜோசியர்கிட்டே கேட்டதுக்கு, நாற்று விட்ட நாள் சரியில்லேன்னு சொல்லிட்டார்" என்றார். மூலையில் ஒரு குச்சியில் திருஷ்டிப் பூசணிக்காயும் கட்டித் தொங்கிற்று. ஒரே நாளில் விட்ட நாற்று, ஒரே நாளில் நட்ட நடவு, நாள் சரியில்லை என்றால் வயல் முழுவதுக்கும் அல்லவா சரியில்லாமல் போயிருக்க வேண்டும் என்று நாம் கேட்பதற்குள், வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் குறுக்கிட்டு, "ஜோசியம் என்னத்துக்குங்க? வெளக்கு வந்த வருஷத்திலேருந்துதான் இந்த மூலை இப்படி நிக்குது. இருபது வருஷமா இதே வயல்லே நடவு நடுறேன். அதுக்கு முந்தி ஒரு வருஷமும் இப்படி இல்லே" என்றார்.

அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவர் அல்ல. விளக்கு இருந்த வருஷத்தையும் இல்லாத வருஷத்தையும், விளக்கின் கீழ் நின்ற பயிரையும் எட்ட நின்ற பயிரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வித்தியாசம் எங்கே இருக்கின்றது என்று கண்டார். பெரிய பெரிய ஆராய்ச்சிச் சாலைகளில் செய்வதும் இதுவேயாகும். ஜோசியருக்கோ ஒன்றையும் ஒப்பிட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. தட்சணை வந்து சேர்ந்தது, கணக்கு முடிந்தது.

அம்மாள் சொன்னது முற்றிலும் வாஸ்தவம். பழைய சம்பா நெல்களில் பல, விதைத்து இத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பூப்பவை அல்ல. இரவு இத்தனை நீளம் ஆயிற்று என்று பார்த்துப் பூப்பவை. ஆனியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே கதிர் வாங்கும். முந்தி விதைத்தது மாதக் கணக்கில் நின்று, வைக்கோலாய் வளர்ந்து, கடைசியில் சாயும். பிந்தி விதைத்தது நன்றாய்த் தூர் கட்டுவதற்கு முன்பே பூத்துவிடும். குறுவைக்கென்று வைத்திருக்கும் நெல்கள் அப்படியல்ல. நூற்றுப் பத்து நாள் நெல் என்றால் எப்பொழுது விதைத்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். முன்னதைக் காலத்துக்குக் கட்டுப்பட்ட நெல் என்றும், பின்னதை நாளுக்குக் கட்டுப்பட்ட நெல் என்றும் சொல்லலாம்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், மன்னார்குடியில் வருஷத்திலேயே மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12¾ மணி. மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய 11½ மணி. ஆக, வருஷம் முழுவதற்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரந்தான். லண்டன் பட்டணத்தில் கோடைக்கும் குளிருக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. அங்கே குருடனுக்குக்கூடத் தெரிந்துவிடும். நம் ஊரிலோ ஆவணிப் பகலுக்கும் ஐப்பசிப் பகலுக்கும் உள்ள பேதம் நமக்குப் புலப்படுவதே இல்லை. நெல்லுக்குப் புலப்படுகின்றது. அரை மணி நேரம் பகல் குறைந்தாலே, பூக்கும்படியான உத்தரவு நெல்லின் இலையில் பிறந்துவிடுகின்றது என்று 2010-ல் ஜப்பானியர் கண்டு வெளியிட்டார்கள். இவ்வளவு நுட்பமாகக் காலம் பார்க்கும் பயிரின் தலைக்கு மேல் இரவெல்லாம் ஒரு விளக்கை ஏற்றி வைத்தால், அதற்கு எப்பொழுதும் ஆனி மாதந்தான்!

இந்தச் சங்கதி உலகத்துக்கு வெளியானது 1920-ல். அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவரிடம் ஒரு புகையிலைச் செடி இருந்தது. கோடை முழுவதும் வெளியில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும், பூக்காது. குளிர் காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சிறு செடியாய் இருக்கும்போதே பூக்கும். உஷ்ணமா, உரமா, ஈரமா என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து ஒதுக்கிவிட்டு, கடைசியில் கோடைக் காலத்திலேயே தினம் சாயங்காலம் நேரத்தோடு செடியைத் தூக்கி இருட்டறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். பூத்துவிட்டது. பதினெட்டு வருஷங்களுக்குப் பிறகு வேறிருவர், நம் ஊர்த் தரிசுகளில் முளைத்து ஆட்டு மயிரில் முள்காயை ஒட்டவிடும் மருளூமத்தையை எடுத்துக்கொண்டு, செடி பார்ப்பது பகலை அல்ல, இரவைத்தான் என்று ருஜுப்படுத்தினார்கள். நீண்ட இரவின் நடுவில் சிறிது நேரம் விளக்கைக் காட்டினாலே போதும்; அந்த இரவு கணக்கில் சேராமல் போயிற்று. சாமந்திப் பூவைக் காலம் தாழ்த்திப் பூக்கச் செய்ய வேண்டியவர்கள் தோட்டத்தில் ராத்திரியில் பல்பு எரிப்பது இந்த உபாயத்தினால்தான். அங்கே காசு கொடுத்துச் செய்வது, மன்னார்குடி வயல் மூலையில் இலவசமாக நடந்துகொண்டிருந்தது.

இரவைப் பார்ப்பது இலை. பூப்பதோ குருத்து. இலையில் கண்டது குருத்துக்கு எப்படிப் போய்ச் சேருகின்றது? ஏதோ ஒரு பொருள் இலையில் பிறந்து, சாற்றோடு நுனிக்கு ஓடுகின்றது என்று ரஷ்ய ஆராய்ச்சிக்காரர் சைலாக்கியான் 1937-ல் சொல்லி, அதற்குப் புளோரிஜன் என்று பேரும் வைத்துவிட்டார். பேர் இருந்ததே தவிர பொருள் அகப்படவில்லை. எழுபது வருஷம் தேடினார்கள். நம் நாட்டில் என்றால் எழுபது வருஷம் அகப்படாத ஒன்றுக்குக் கோயில் கட்டி, அகப்படாமல் இருப்பதுதான் அதன் மகிமை என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

அகப்பட்ட கதையைச் சொல்லுமுன், மரபணு என்பதைப் பற்றி நமது குடியானவத் தோழர்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே சொல்லிவிடுகின்றோம். கல்லணையில் தண்ணீர் வந்து நிற்கின்றது. காவேரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகின்றது. வெண்ணாற்றுத் தண்ணீர் பாமணியாற்றில் பிரிந்து மன்னார்குடிப் பக்கம் வந்து, வாய்க்கால் வாய்க்காலாக வயலுக்குப் போகின்றது. ஆறு எல்லோருக்கும் பொது. ஆயினும் எந்த வயலுக்கு எப்பொழுது எவ்வளவு என்பதை மதகுதான் தீர்மானிக்கின்றது. நெல்லுக்கு ஏறக்குறைய 37,500 மரபணுக்கள் என்று 2005-ல் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் டெல்லி ஆராய்ச்சிக்காரர்களுக்கும் பங்கு உண்டு. வேரில் உள்ள ஒவ்வொரு உயிரணுவிலும் அத்தனை மரபணுவும் இருக்கின்றது, இலையிலும் அத்தனை, பூவிலும் அத்தனை. பின் ஏன் வேர் வேராகவும் பூ பூவாகவும் இருக்கின்றது என்றால், எந்த மரபணு எங்கே எப்பொழுது திறக்கின்றது, எப்பொழுது மூடுகின்றது என்பதனால்தான். அப்படித் திறந்து மூடும் மதகுக்காரர்களாக வேறு சில மரபணுக்களே வேலை செய்கின்றன. செடிக்குச் செடி அந்த மதகுக்காரர்கள் வேறா, அல்லது ஒரே வகையறாவா என்பதே கேள்வி.

இதற்குப் பதில் ஒரு களைப் பூண்டிலிருந்து வந்தது. அராபிடாப்சிஸ் என்று பேர். கடுகுக்குப் பங்காளி. ஐரோப்பாவில் சுவர் ஓரத்திலும் பாதை ஓரத்திலும் ஒரு சாண் உயரம் முளைப்பது. தின்ன உதவாது, மருந்துக்கு உதவாது, மாலைக்கும் உதவாது. ஆறு வாரத்தில் விதைக்கு விதை முடிந்துவிடுவதால் ஆராய்ச்சிக்குச் சௌகரியம் என்று அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜனங்களின் வரிப்பணத்தை ஒன்றுக்கும் உதவாத பூண்டுக்குச் செலவழிப்பதா என்று கேட்கக்கூடிய கெட்டிக்காரர்கள் எந்த நாட்டிலும் இருப்பார்கள். 1995-ல் அந்தப் பூண்டில், பகலின் நீளத்தைப் பார்த்துப் பூவுக்கு மதகு திறக்கும் மரபணு ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குச் சி.ஓ. என்று சுருக்கப் பேர். ஐந்து வருஷம் கழித்து ஜப்பானில், தங்கள் நெல்லையும் காசலாத் என்ற இந்திய நெல்லையும் ஒட்டுக் கட்டி, பிறந்த பிள்ளைகளில் எது எப்பொழுது பூக்கின்றது என்று கணக்கெடுத்துக்கொண்டே போய், நெல்லில் பூக்கும் காலத்தை ஆளும் ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு எச்.டி.1 என்று பேர். எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால், அது களைப் பூண்டின் சி.ஓ.வுக்குச் சொந்தக்காரனாய் இருந்தது!

நெல்லின் வம்சமும் அந்தப் பூண்டின் வம்சமும் பிரிந்து சுமார் 15 கோடி வருஷங்கள் ஆயின என்பது கணக்கு. ஒன்று ஒருவித்திலைப் பயிர், மற்றொன்று இருவித்திலைப் பூண்டு. ஒன்று தண்ணீரில் நிற்பது, மற்றது சுவர் இடுக்கில் நிற்பது. அவ்வளவு காலத்திற்குப் பிறகும் மதகுக்காரன் அதே வகையறா.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. விஷயத்தின் ருசியே அதில்தான் இருக்கின்றது. அந்தப் பூண்டு பகல் நீண்டால் பூப்பது. நெல் பகல் குறுகினால் பூப்பது. ஆள் ஒன்று, உத்தரவு நேர் எதிர். பூண்டில் சி.ஓ. நீண்ட பகலில் மதகைத் திறக்கின்றது. நெல்லில் எச்.டி.1, பகல் நீண்டிருக்கும்போது மதகை இறுக்கி மூடி வைத்து, பகல் குறுகினதும் திறந்துவிடுகின்றது. பயிர் செய்யப்படும் நெல் ரகங்களில் பலவற்றில் இந்த எச்.டி.1 கெட்டுப்போய்க் கிடக்கின்றது என்று 2009-ல் கண்டார்கள். காசலாத்திலும் அது கெட்டதுதான். காவல்காரன் செத்துப்போன மதகில் யாரைக் கேட்டுத் தண்ணீர் போக வேண்டும்? அப்படிப்பட்ட நெல் இரவைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. சீக்கிரம் பூக்கும் செடியிலிருந்து விதை எடுத்து வைத்த பழங்காலத்துக் குடியானவர்கள், தங்களுக்குத் தெரியாமலே கெட்ட மதகுகளைப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள்.

அந்த மதகைத் திறந்தால் பாயும் சரக்குதான் சைலாக்கியான் பேர் வைத்துவிட்டுப் போன புளோரிஜன். 2007-ல் ஜெர்மனியில் கோலோன் நகரத்து ஆராய்ச்சிச் சாலையில் களைப் பூண்டிலும், ஜப்பானில் நாராவில் நெல்லிலுமாக இரண்டு கூட்டத்தார் ஒரே சமயத்தில் அதைக் காட்டினார்கள். பூண்டில் அதற்கு எஃப்.டி. என்றும் நெல்லில் எச்.டி.3ஏ என்றும் பேர். இரண்டும் ஒரே குடும்பத்துப் புரதம். இலையில் பிறந்து குருத்துக்கு ஓடி, "இனி இலை போதும், கதிர் கட்டு" என்று சொல்லும் தூதன் அது. அதற்கு முன்பே தக்காளியில் அதே குடும்பத்துத் தூதன் அதிகமாய்ச் சுரக்கும் செடியை எடுத்து, கார்னரும் அல்லார்டும் வைத்திருந்த அதே பூக்காத புகையிலையோடு ஒட்டுக் கட்டினார்கள். தக்காளிச் சாற்றில் வந்த சொல்லைப் புகையிலை கேட்டுப் பூத்தது. 2011-ல் நெல்லின் தூதனை உருளைக்கிழங்குக்குள் வைத்துப் பார்த்தார்கள். கிழங்கு இறங்காத நீண்ட பகலிலே உருளை பூவும் பூத்தது. மண்ணுக்குள் கிழங்கும் வைத்தது. நெல்லுக்குக் கதிர் கட்டச் சொல்லும் அதே சொல், உருளைக்குக் கிழங்கு கட்டு என்று அர்த்தமாயிற்று. வெங்காயம் குண்டு கட்டுவதும் இந்தக் குடும்பத்துத் தூதனாலேயே என்று 2013-ல் தெரிந்தது.

நம் நாட்டுச் சாஸ்திரக்காரர்கள் செடிகொடிகளைப் பற்றி என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. போஜராஜன் பேரால் வழங்கும் யுக்தி கல்பதரு என்ற சமஸ்கிருத நூலில் கப்பலுக்கு ஏற்ற மரங்களைச் சொல்லுமிடத்தில் மரத்திற்கும் நான்கு ஜாதி வகுத்திருக்கின்றது. இலேசாயும் மெதுவாயும் இருந்தால் பிராமண மரம். இலேசாயும் கடினமாயும் இருந்தால் க்ஷத்திரிய மரம். மெதுவாயும் கனமாயும் இருந்தால் வைசிய மரம். கடினமாயும் கனமாயும் இருந்தால் சூத்திர மரமாம். இரண்டு ஜாதி மரத்தைக் கலந்து கப்பல் கட்டினால் நிலைக்காதாம். (பாரம் தாங்குகிற மரம் சூத்திரன் என்று கண்டுபிடித்ததில் மட்டும் ஒருவிதமான உண்மை இருக்கின்றது.) தமிழ்ப் பாட்டியல் நூல்காரர்களும் இளைத்தவர்கள் அல்ல, அகர முதல் எழுத்துக்களுக்கே வருணம் பிரித்துவிட்டார்கள். மரத்தை அறுத்துப் பார்க்கவோ, விதையை முளைக்க வைத்துப் பார்க்கவோ வேண்டாமல், ஊரில் உள்ள ஏற்பாட்டையே காட்டிலும் கண்டுவிட்டால் சிரமம் மிச்சந்தானே!

விதையை முளைக்க வைத்துப் பார்த்தவர்கள் கண்டது வேறாய் இருந்தது. புற இதழ், உள் இதழ், மகரந்தக் காம்பு, சூல் என்று பூவுக்கு நான்கு சுற்று. எந்தச் சுற்றில் எது வர வேண்டும் என்பதை மூன்று விதமான மதகுக்காரர்கள் சேர்ந்தும் பிரிந்தும் தீர்மானிக்கின்றார்கள் என்று, களைப் பூண்டையும் ஐரோப்பியத் தோட்டப் பூ ஒன்றையும் வைத்துக்கொண்டு 1991-ல் இருவர் எழுதினார்கள். நெல்லுக்கு இதழே இல்லையே என்று கேட்கலாம். உமிக்குள்ளே பார்த்தால் அடியில் இரண்டு சிறிய செதில்கள் இருக்கும். காலையில் அவை நீர் ஏறிப் பருத்துத்தான் உமியைத் திறக்கின்றன. இதழ் இருக்க வேண்டிய இடம் அது. அந்த இடத்தை ஆளுகிற மரபணு கெட்டுப்போன நெல்லை 2003-ல் பார்த்தபோது, செதில் உமியைப் போல ஆயிற்று. மகரந்தம் இருக்க வேண்டிய இடத்தில் சூல் வந்தது. அந்தக் களைப் பூண்டில் அதே குடும்பத்து மரபணு கெட்டால், இதழ் புற இதழாகின்றது, மகரந்தம் சூலாகின்றது. தாமரைக்கு லட்சுமி உட்காருகிற அந்தஸ்து. எருக்கம்பூவுக்குப் பிள்ளையாரோடு சரி. நெல்லின் பூவைப் பூவென்றே யாரும் மதிப்பதில்லை. பூக்களுக்குள்ளே நடக்கும் காரியத்தில் இந்த அந்தஸ்தெல்லாம் ஓரிடத்திலும் காணவில்லை.

எல்லாச் செடியிலும் எல்லாம் ஒன்றே என்று நாம் சொல்லிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. அப்படிச் சொல்வது வேதாந்தம். நெல்லில் ஜி.எச்.டி.7 என்று ஒரு மதகுக்காரன் 2008-ல் அகப்பட்டான். நீண்ட பகலில் பூவைத் தடுக்கிறவன். அவனுக்குச் சரியான ஆள் களைப் பூண்டில் இல்லை. பழைய வாய்க்காலில் பின்னால் கட்டிய புது மதகு போல அது புல் வம்சத்தில் வந்து சேர்ந்தது. எது பழையது, எது புதிது, எது திரும்பிக்கொண்டது என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நிற்க, ஜோசியருக்கு வருவோம். பயிருக்குக் காலம் முக்கியம் என்று தெரிந்துவிட்டதல்லவா, அதைத்தானே நம் பெரியோர் பஞ்சாங்கத்தில் எழுதி வைத்தார்கள் என்று உடனே ஒருவர் கிளம்புவார். ஆகையால் பஞ்சாங்கத்தின் யோக்கியதையை இந்த ஒரு விஷயத்திலேயே பார்த்துவிடலாம். பகல் குறைவது நின்று வளரத் தொடங்குவது உத்தராயணம். பஞ்சாங்கப்படி அது தை மாதம் முதல் தேதி, அதாவது ஜனவரி 14 அல்லது 15. வாஸ்தவத்தில் வருஷத்தின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22-லேயே முடிந்துபோகின்றது. அதாவது மார்கழி 6, 7 தேதியிலேயே சூரியன் வடக்கே திரும்பிவிட்டான். பஞ்சாங்கக்காரர் இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் அவனைத் தெற்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஆடி முதல் தேதி தட்சிணாயனம் என்பதும் இப்படியே. பகல் ஜூன் 21-லேயே குறையத் தொடங்கிவிடுகின்றது. சுமார் 1700 வருஷங்களுக்கு முன்பு இரண்டும் ஒத்திருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழலுவதால் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே வந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மேகநாத் சாகாவைத் தலைவராகக் கொண்டு இந்திய சர்க்கார் வைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் கமிட்டி இந்தப் பிழையை எடுத்துக்காட்டி, அதன்பேரில் 1957-ல் தேசியக் காலண்டரும் வந்தது. வந்து என்ன? தேதி போடும் காகிதத்தில் அது இருக்கின்றது. கலியாணத்துக்கும் நாற்று விடுவதற்கும் பழையதுதான்.

நெல்லோ ஒரு நாளும் இந்தத் தப்புச் செய்வதில்லை. அது யாரோ எழுதி வைத்ததைப் படிப்பதில்லை. ஒவ்வொரு ராத்திரியையும் நேரே அளக்கின்றது. டிசம்பர் 21 எது என்று மன்னார்குடியில் யாருக்குத் தெரியும் என்று பார்த்தால், நெல்லுக்குத் தெரிகின்றது. நாள் குறித்துக் கொடுக்கிறவருக்குத் தெரியவில்லை. மேலும் ஜோசியர் பார்ப்பது மாதத்தைக்கூட அல்ல. இன்று ரோகிணியா, நாளை உத்திரமா, ராகு காலம் எத்தனை மணிக்கு என்பதையே பார்க்கின்றார். எந்த நட்சத்திரத்தில் விதைத்தாலும் காலத்துக்குக் கட்டுப்பட்ட நெல் பூக்கும் பொழுது பூக்கும். மூன்று நாள் முன்பின் விதைத்தால் ஒன்றும் கெடாது. நல்ல நாளுக்காகக் காத்திருந்து வாய்க்காலில் வந்த தண்ணீரை விட்டால்தான் கெடும்.

பட்டம் என்பது இதனின்றும் வேறான சங்கதி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவன் குடியானவன். பட்டம் என்பது மழையும் ஆற்று நீரும் காற்றும் பயிரின் வயதும் ஒத்துவரும் காலம். பல தலைமுறை பார்த்துப் பட்டுத் தெரிந்துகொண்டது. தமிழ் மாதம் சூரியனை ஒட்டிப் போவதால், அவன் ஆடி என்று சொன்னது ஒருவன் ஆயுளில் அசைவதில்லை. அந்த அறிவை நாம் கையெடுத்துக் கும்பிடத் தயார். ஆனால் குடியானவன் கண்ட பட்டத்தையும் ஜோசியர் விற்ற முகூர்த்தத்தையும் ஒரே அட்டைக்குள் தைத்து, முன்னதன் பலனைப் பின்னதன் பேரில் வரவு வைத்துக்கொள்ளும் வியாபாரத்தை மாத்திரம் ஒப்ப முடியாது. சித்திரையில் நல்லேர் கட்டுவதை ஊர் கூடும் சந்தோஷத்திற்காக வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளட்டும். அதற்கு நேரம் குறித்துக் கொடுக்க ஓர் ஆள் எதற்கு?

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றோம் என்றால், பட்டமே இப்பொழுது குடியானவன் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கின்றது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். நாற்பத்தாறு நாள் தாமதம். அப்பொழுது ஒரு குடியானவன் எதை விதைப்பது? காலத்துக்குக் கட்டுப்பட்ட நெல்லானால், எவ்வளவு பிந்தினாலும் அது தன் பொழுதில் பூத்துவிடும். வளர்ந்து தூர் கட்டுகிற நாளைத்தான் இழப்பான். ஆகையால் நெருக்கி நட வேண்டும். நாளுக்குக் கட்டுப்பட்ட குறுவை நெல்லானால், விதைத்த நாளோடு நூற்றுப் பத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் பூவோ அறுப்போ அகப்படுமானால் அதைத் தொடவே கூடாது. இந்தக் கணக்கு ஒரு வேளைச் சோற்றுக்கும் பட்டினிக்கும் நடுவில் நிற்கும் கணக்கு. அதைப் போடுவதற்கு வேண்டிய ஒரே விவரம், கையில் இருக்கும் விதை எந்த வகை என்பது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. அங்குள்ளவர்களுக்கு இது தெரியும். கடையில் மூட்டை வாங்குகிறவனிடம் கேட்டுப்பாருங்கள். வயது எத்தனை நாள் என்று சொல்வான். இரவுக்குக் கட்டுப்படுமா என்றால் விழிப்பான்.

இதுபோலவே 2025 மே மாதத்தில் மரபணுவைத் திருத்திய இரண்டு நெல்களை மத்திய சர்க்கார் வெளியிட்டார்கள். ஐதராபாத்தில் செய்த கமலா, டெல்லியில் செய்த பூசா டி.எஸ்.டி. 1 என்பவை அவை. அயல் மரபணு எதையும் நுழைக்காமல், நெல்லிலேயே உள்ள ஒரு மதகை அடைத்துச் செய்தவை என்கிறார்கள். உடனே ஒரு கூட்டம் தீட்டு என்கின்றது. மற்றொரு கூட்டம் தீர்த்தம் என்கின்றது. இரண்டும் ஒரே புத்திதான். எந்த வயலில் எத்தனை வருஷம் வைத்துப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்ற சாதாரண நெல் எவ்வளவு கொடுத்தது, விதையை எடுத்து வைத்துக்கொள்ளக் குடியானவனுக்கு உரிமை உண்டா என்று கேட்க வேண்டும். பதிலைத் தமிழில் அச்சடித்து ஊர் ஊராய்க் கொடுக்கச் சொல்ல வேண்டும். விளக்குக்கு உள்ளேயும் வெளியேயும் பார்த்த அந்த அம்மாளைப் போலப் பார்த்துவிட்டு, வேண்டும் வேண்டாம் என்று பிறகு சொல்லட்டும்.

நாம் இப்பொழுது கேட்பது பெரிய காரியம் அல்ல. தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களில் விற்கும் ஒவ்வொரு நெல் விதை மூட்டையின் பேரிலும், காலத்துக்குக் கட்டுப்பட்டதா, நாளுக்குக் கட்டுப்பட்டதா என்பதைத் தமிழில் கொட்டை எழுத்தில் போட வேண்டும். காலத்துக்குக் கட்டுப்பட்டதானால் மன்னார்குடி அளவில் எந்த வாரத்தில் கதிர் வாங்கும் என்பதையும் போட வேண்டும். மேட்டூர் திறக்கும் தேதி தள்ளிப்போகிற வருஷத்தில் விவசாய இலாகாவார் அந்த விவரத்தைத் தண்டோராப் போட்டாவது சொல்ல வேண்டும். மன்னார்குடிப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைக் கொண்டு நான்கு சட்டியில் சம்பா நாற்றும் நான்கு சட்டியில் குறுவை நாற்றும் வைத்து, பாதியை விளக்கின் கீழும் பாதியை இருட்டிலும் வளர்த்துப் பார்க்கச் செய்தால், ஐந்து ரூபாய்ச் செலவில்லாமல் ஒரு தலைமுறைக்கு விஷயம் விளங்கிவிடும்.

அன்று சாயங்காலமே அந்த வயல்காரரை உட்கார வைத்து, விளக்குக்கு வயல் பக்கம் மறைப்பாக ஒரு தகடு அடிக்கச் சொல்லி ஊராட்சிக்கு ஒரு மனு எழுதினோம். அவர் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாளும் கைநாட்டு வைத்தார். பூசணிக்காயை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "அது பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்று சிரித்தார்.